காலை ஆறு மணி, இரண்டு விநாடி

இறந்துபோன அம்மாவின் அறையிலிருந்து எட்டு நாளாகத் தனக்குச் செய்தி வருகிறது என்று அந்தப் பெண்மணி சொன்னதும் கொழுந்தன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டான். அண்ணி பதறவில்லை. அவர் எழுந்து, இரைந்துகொண்டிருந்த மின்விசிறியைக் குறைத்து வைத்துவிட்டு, "உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார்.

அண்ணியின் தொழிலை ஒரே மூச்சில் விளக்குவது கஷ்டம். யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன கணினி நிரல்கள் மக்கர் பண்ணும்போது, எழுதியவர்களே கையை விரித்த பிறகு, கடைசியாக அவரைத் தேடி வருவார்கள். அவரும் உடனே நிரலைப் படித்துவிட மாட்டார். அதைச் சுற்றியிருக்கும் மனிதர்களைத்தான் முதலில் படிப்பார். மாடியில் அவருடைய அலுவலகம். கீழே கணவருடைய தம்பியின் கணினி பழுதுபார்க்கும் கடை. விசாரணை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். "அண்ணிக்குத் துணைக்குப் போறேன்" என்பான். யாருக்கு யார் துணை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வந்தவர் தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைக்கக்கூடத் தோன்றாமல் புறப்பட்டு வந்திருக்கிறார்.

"அம்மா ஒரு முதியோர் இல்லத்துல இருந்தாங்க. ஏழாம் நம்பர் ரூம். இடுப்புக்குக் கீழ அசைவு கிடையாது. ஏதாவது வேணும்னா கட்டில் ஓரத்துல இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தணும். நர்ஸ் மேசையில மணி அடிக்கும். எந்த ரூம், எத்தனை மணின்னு அங்க இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு வரி எழுதி வச்சுக்கும். காலையில அந்தப் பட்டியல் எங்களுக்கு மெயில்ல வரும். போன வாரம் புதன்கிழமை அம்மா போயிட்டாங்க. வியாழக்கிழமை காலையில இது வந்துச்சு."

கைபேசியை நீட்டினார். அதில் ஒரே ஒரு வரி.

06:00:02 – அறை 7 – மணி

"எட்டு நாளா, நாள் தவறாம இதே வரி. ரூம் பூட்டியிருக்கு. சாவி நிர்வாகிகிட்ட இருக்கு. கேட்டா, புதன்கிழமை டியூட்டியில இருந்த நர்ஸ் ஏதோ விஷமம் பண்றாங்க, அவங்களை லீவுல அனுப்பிட்டேன்னு சொல்றார்."

கொழுந்தன் பொறுக்க முடியாமல் முன்னால் சாய்ந்தான். "பூட்டின ரூமுக்குள்ள யாரோ அழுத்தறாங்கன்னா, அது..."

"தம்பி," என்றார் அண்ணி. அவன் அடங்கினான்.

பெண்மணி அவனைப் பார்க்கவே இல்லை. "பேயா பிசாசான்னு நான் கேட்க வரலை மேடம். அம்மாவை அங்க சேர்த்தது நான். வரமாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. 'ஒரு பொத்தானை அழுத்தினா போதும்மா, ஆள் வந்துரும்'னு நான்தான் தேத்தினேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி உயிர் பிரிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னார். தூக்கத்துலயே போயிட்டாங்க, மூணு மணிக்கு மேல அவங்க கூப்பிடவே இல்லைன்னு நிர்வாகி பட்டியலைக் காட்டினார். நானும் நம்பினேன். அன்னைக்குக் கூப்பிடாதவங்க இப்ப ஏன் கூப்பிடறாங்க? நிஜமாவே அன்னைக்குக் கூப்பிட்டாங்களா? கூப்பிட்டும் யாருமே போகலையா? எனக்கு இது மட்டும் தெரியணும்."

அண்ணி அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். "எட்டு நாளும் அதே ரெண்டாவது விநாடியா?"

"ஒரு விநாடி கூட மாறலை."

"சரி. வாங்க, போய்ப் பாத்துருவோம்," என்று செருப்பை மாட்டினார்.

இல்லம் சுத்தமாக இருந்தது. சுத்தமான இடங்களுக்கே உரிய மருந்து வாடை. நீளமான நடையின் இருபுறமும் இருபத்திரண்டு அறைகள். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. நடை ஓரிடத்தில் திரும்பியது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கூடமும் அதன் வாசலில் செவிலியின் மேசையும் இருந்தன. மேசையிலிருந்து பார்த்தால் ஏழாம் அறையின் விளக்கு தெரியாது என்பதைக் கொழுந்தன் உடனே கண்டுபிடித்து அண்ணியின் காதில் ஓதினான். "மணிதான் இருக்கே, விளக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார் அண்ணி.

நிர்வாகி மடிப்புக் கலையாத சட்டைக்காரர். எதைக் கேட்டாலும் ஒரு கோப்பை எடுத்து நீட்டினார். தினமும் மதியம் மூன்று மணி வாக்கில் பதிவைத் திறந்து அச்செடுத்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வழக்கமாம். ஆறு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஒவ்வொரு தாளின் அடியிலும், எந்தக் கணினிக் கோப்பிலிருந்து எத்தனை மணிக்கு அச்சானது என்று பொடி எழுத்தில் இருந்தது.

"புதன்கிழமை மேலிடத்து அதிகாரி வந்திருந்தார். அச்செடுத்த கையோட சமையலறை, தோட்டம் எல்லாம் சுத்திக் காட்டினேன். திரும்பி வர நாலு ஆச்சு. கூடத்துல அன்னைக்குப் பாட்டுக் கச்சேரி. நடக்க முடிஞ்ச எல்லாரும் அங்கதான் இருந்தாங்க," என்றார்.

அண்ணி கோப்பைப் புரட்டினார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கொழுந்தன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

ஏழாம் அறையைத் திறந்தார்கள். மெத்தை விரிப்பு எடுக்கப்பட்டுக் கட்டில் மொட்டையாகக் கிடந்தது. தலைமாட்டில் கம்பியில் தொங்கும் சிவப்புப் பொத்தான். சன்னலோரம் ஒரு நாற்காலி. மகள் உள்ளே வரவில்லை. வாசலோடு நின்று அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இது என்ன பச்சைப் பொத்தான்?" என்று கதவருகே சுவரைக் காட்டினார் அண்ணி.

"அது எங்க ஆளுங்களுக்கு. வந்து பாத்துட்டு அதை அழுத்தினாத்தான் வாசல் விளக்கு அணையும். கட்டில்லேர்ந்து எட்டக் கூடாதுன்னே அவ்வளவு தள்ளி வச்சிருக்கோம். ஆள் நேர்ல வந்தே ஆகணும் பாருங்க."

அப்போது கொழுந்தனின் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கிசுகிசுத்தது.

"சத்தம் போடாதீங்க. அந்தம்மா தூங்கறாங்க. லைட்டை அணைச்சிட்டேன்."

அவன் போட்ட கூச்சலில் அடுத்த அறைக் கதவுகள் இரண்டு திறந்தன. பின்னால் நின்றது பேயல்ல. வாக்கர் என்னும் தள்ளுநடையைப் பிடித்துக்கொண்டு நின்ற உயரமான முதியவர். வெற்றுக் கட்டிலை அவர் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது அதில் படுத்திருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"எட்டாம் நம்பர். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். ஞாபகம் எல்லாம் தப்பிப் போச்சு," என்று நிர்வாகி அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். "இப்பல்லாம் பூராப் பொழுதும் இதே பேச்சுதான்."

"அண்ணி, இவர் கண்ணுக்கு அந்தம்மா தெரியறாங்க," என்று கொழுந்தன் முணுமுணுத்தான். அவன் குரல் அவனுக்கே பிடிபடவில்லை.

செவிலியின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. மகளைக் கண்டதும் அவர் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. கதவை முழுசாகத் திறக்காமலே பேசினார்.

"சத்தியமா மணி அடிக்கலைம்மா. கச்சேரி முழுக்க என் மேசையிலதான் உட்கார்ந்திருந்தேன். அந்த மணி அடிச்சா எந்தப் பாட்டையும் மீறிக் கேக்கும். பச்சையை அழுத்தினாக்கூட 'டிங்'னு ஒரு சின்னச் சத்தம் வரும். ரெண்டுமே வரலை. நாலு பத்துக்குக் கச்சேரி முடிஞ்சதும் நேரா அம்மாவைப் பாக்கத்தான் போனேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப குக்கர் சத்தம் கேட்டாக்கூட மணின்னு எழுந்து ஓடறேன். தூங்கி எட்டு நாளாச்சு."

"போனப்ப வாசல் விளக்கு எரிஞ்சுதா?" என்று கேட்டார் அண்ணி.

"இல்லை மேடம். எரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்காங்கன்னு தெரிஞ்சிருக்குமே."

"அறையில ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

செவிலி தயங்கினார். "நாற்காலி. நான் அதை எப்பவும் சன்னல்கிட்டதான் விடுவேன். அன்னைக்குக் கட்டிலோட ஒட்டிக் கிடந்துச்சு. யார்கிட்ட சொன்னாலும் எனக்குத்தான் பைத்தியம்பாங்கன்னு சொல்லலை."

கொழுந்தன் அண்ணியின் பக்கம் ஒதுங்கினான். எழுதுவதை நிறுத்திவிட்டான்.

"கச்சேரிக்கு வந்த எல்லாரும் கடைசி வரைக்கும் இருந்தாங்களா?"

"டிரைவர் ஐயா மட்டும் இருக்க மாட்டார். அவருக்கு ஒரு இடத்துல உட்கார முடியாது. எழுந்து போவார், வருவார்."

அண்ணி தலையசைத்தார். "எங்களோட இல்லத்துக்கு வாங்க. அந்த நிரலை எழுதினவரையும் வரச் சொல்லியிருக்கேன்."

நிர்வாகியின் அறையில்தான் அந்தக் கணினி இருந்தது. அண்ணி அதன் முன்னே உட்கார்ந்து, ஒரு வருடத்துப் பதிவையும் மேலிருந்து கீழ்வரை படித்தார். கொழுந்தன் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனான். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அண்ணி இரண்டு இடங்களில் மட்டும் விரலை வைத்தார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள்: 06:00:02 – அறை 12 – மணி. இரண்டு மாதத்துக்கு முன்: 06:00:02 – அறை 3 – மணி.

"இந்த அம்மா உயிரோட இருந்தப்பவே உங்க பேய் வேலைக்குச் சேர்ந்திருக்கு, தம்பி," என்றார். "பன்னிரண்டாம் நம்பர்காரரும் மூணாம் நம்பர்காரரும் உயிரோட இருந்ததால யாரும் கண்டுக்கலை. காலையில கூப்பிட்டிருப்பாங்கன்னு விட்டுட்டாங்க."

நிரலர் வந்து சேர்ந்தார். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் போல உட்கார்ந்தார்.

"முழுக்கப் பிஎச்பிங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதினதுங்க. நடக்கிறது, தப்பு நேர்றது எல்லாத்தையும் குறிச்சு வைக்கன்னே ஒரு தனி கிளாஸ், அதாவது நிரலுக்குள்ள ஒரு தனிப் பகுதி, எழுதியிருக்கேன். லாகர்னு சொல்வோம். நிரல்ல எங்க எது நடந்தாலும் இதைக் கூப்பிடும். இது பதிவுக் கோப்புல ஒரு வரி சேர்க்கும். இந்தக் கிளாஸ்ல பிழையே வராதுங்க."

"ஒரே ஒரு கேள்வி," என்றார் அண்ணி. "பொத்தானை அழுத்தினதும் மணி முதல்லயா, பதிவு முதல்லயா?"

"பதிவு முதல்ல. அப்புறம்தான் மணி. எழுதாம மணி அடிச்சா கணக்குல வராதேன்னு அப்படி வச்சேன்."

"பதிவுக் கோப்பை எழுத முடியலைன்னா?"

"முடியலைன்னா அந்த வரியை 'மீதி'ங்கிற ஃபோல்டர்ல தனிக் கோப்பா போட்டு வச்சிட்டு..." நிரலர் பாதியில் நின்றார். அவர் முகம் வெளுத்தது.

"வச்சிட்டு?"

"நிரல் அங்கேயே நின்னுரும்."

"மணி?"

நிரலர் மடியிலிருந்த தலைக்கவசத்தைத் தரையில் வைத்துவிட்டார்.

அண்ணி எழுந்தார். "தம்பி, நீங்க ஏழாம் அறைக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்துங்க. நர்ஸம்மா, உங்க மேசைக்குப் போங்க. நான் இங்க இந்தப் பதிவுக் கோப்பை அட்டவணையாத் திறந்து வைக்கிறேன், தினமும் அச்செடுக்கும்போது சார் திறக்கிற மாதிரியே."

"தனியாவா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு கொழுந்தன் சாவியை வாங்கிக்கொண்டான். நடை முழுவதும் தன் செருப்புச் சத்தமே தன்னைத் துரத்துவது போலிருந்தது. மொட்டைக் கட்டிலின் பக்கம் திரும்பாமலே பொத்தானைத் தடவிப் பிடித்து அழுத்தினான். வாசல் விளக்கு ரத்தச் சிவப்பாக எரிந்தது. எங்கும் மணிச் சத்தமே இல்லை. இதே பொத்தானை விரல் நோக அழுத்திவிட்டு, இதே அமைதியை ஒருவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார் என்பது அப்போதுதான் அவன் நெஞ்சில் உறைத்தது. பேயை நினைத்து வந்த பயம் போய் வேறொரு பயம் வந்தது. பச்சையை அழுத்த மறந்து, கதவையும் பூட்டாமல், ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தான்.

"விளக்கு எரியுது அண்ணி. மணி கேக்கலை."

செவிலியும் வந்து, "அடிக்கலை மேடம்," என்றார்.

அண்ணி திறந்திருந்த கோப்பை மூடிவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார். மகள் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

"ஒரு கோப்பை இந்த மாதிரித் திறந்து வச்சிருந்தா, கம்ப்யூட்டர் அதைப் பூட்டிடும். வேற யாரும் அதுல எழுத முடியாது. லாகர் முட்டிப் பாக்கும், முடியாது. வரியை ஒதுக்கி வச்சிட்டு நிரல் நின்னுரும். விளக்குக்குத் தனிக் கம்பி, அது எரியும். மணி மட்டும் அடிக்காது. தப்பைக் குறிக்க வச்ச ஆளே வழியை மறிச்சுக்கிட்டு நின்னுட்டார். தினமும் மூணு மணி வாக்குல ரெண்டு மூணு நிமிஷம் இந்த இல்லத்துல எந்த மணியும் அடிச்சதில்லை. பதிவைப் பாருங்க, ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துல ஒரு சின்ன இடைவெளி. அந்த ரெண்டு நிமிஷத்துல யாராவது அழுத்தியிருந்தா, ஒண்ணும் நடக்கலைன்னு திரும்ப அழுத்தியிருப்பாங்க. ஆனா புதன்கிழமை மூணு பன்னிரண்டுலேர்ந்து மூணு அம்பத்தெட்டு வரைக்கும் ஒரு வரி கூட இல்லை. சார் கோப்பை மூடாம அதிகாரியோட கிளம்பிட்டார்."

"அப்ப காலை ஆறு மணி?" என்று கேட்டான் கொழுந்தன்.

அண்ணி நிரலரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "தினமும் காலையில ஆறு மணிக்கு ஒரு வேலை ஓடும். 'மீதி'யில இருக்கிறதை எடுத்துப் பதிவுல சேர்க்கும். எல்லாத்தையும் சேர்க்கணும்னுதான் நினைச்சேன். சோதனைக்கு ஒரே ஒரு கோப்பைத்தான் வச்சுப் பாத்தேன், சரியா வந்துச்சு. ஒண்ணை எடுத்ததும் வெளிய வந்துடுதுன்னு கவனிக்கலை. பழசுலேர்ந்து ஒவ்வொண்ணா, நாளுக்கு ஒண்ணு."

"நேரமும் எழுதற நேரம்தான். அழுத்தின நேரம் இல்லை," என்றார் அண்ணி. "கம்ப்யூட்டர் தூங்கி எழுந்து எழுத ரெண்டு விநாடி ஆகுது, அவ்வளவுதான். எட்டு நாளும் பேய் அதே விநாடியில அழுத்துமான்னு காலையிலேயே எனக்கு உறுத்திச்சு." பிறகு மகளின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "உங்களுக்கு வந்ததெல்லாம் உங்க அம்மா கூப்பிட்டதுதான்மா. உயிரோட இருந்தப்ப. புதன்கிழமை."

மகள் சுவரில் சாய்ந்தார். "எட்டுத் தடவையா?"

"மீதி இன்னும் இருக்கு. சொல்றேன். அதுக்கு முன்னாடி இவர்கிட்ட ஒரு கேள்வி." அண்ணி அச்சுத் தாள்களை நிர்வாகியின் முன் விரித்தார். "ஆறு வருஷமா ஒவ்வொரு தாளோட அடியிலயும் பதிவுக் கோப்போட பேர் இருக்கு. புதன்கிழமைத் தாள்லயும் அதேதான். வியாழக்கிழமையிலேர்ந்து 'பதிவு நகல்'னு இருக்கு. மூணு மணி இடைவெளியும் அன்னைக்கோட நின்னு போச்சு. ஆறு வருஷப் பழக்கத்தை ஒரே ராத்திரியில எதுக்கு மாத்தினீங்க சார்?"

நிர்வாகி கோப்பு எதையும் எடுக்கவில்லை.

"நேரடியாத் திறக்காதீங்க, நகல் எடுத்துத் திறங்கன்னு போன வருஷமே ஃபோன்ல சொன்னேன் சார்," என்றார் நிரலர். "மணியும் நின்னுரும்னு அப்ப எனக்கே தோணலை."

"எனக்குத் தோணிச்சு," என்றார் நிர்வாகி கடைசியில். "திரும்பி வந்து மூடினதும்தான் பாத்தேன், நாப்பத்தாறு நிமிஷம் காலியா இருந்துச்சு. பத்து நிமிஷத்துல நர்ஸ் ஓடி வந்தாங்க. விளக்கு எரியலை, கூப்பிடலை போலன்னு அவங்களே சொன்னாங்க. அதையே பிடிச்சுக்கிட்டேன். மெயில் வர ஆரம்பிச்சதும் பயந்துட்டேன்."

"பயந்து, என் தலையில கட்டினீங்க," என்றார் செவிலி. அழுகையில்லை, எட்டு நாளைக்குப் பிறகு முதல்முறையாக அவர் குரல் நிமிர்ந்திருந்தது.

நிர்வாகி விரித்துக் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். அண்ணி அவரை அதோடு விட்டுவிட்டுக் கணினியில் 'மீதி'யைத் திறந்தார். உள்ளே ஐந்து கோப்புகள் இருந்தன.

"கடைசி ஒண்ணு தம்பி இப்பப் போட்டது. மத்த நாலும் புதன்கிழமை. இதுங்களை இன்னும் யாரும் தொடாததால, எந்த நிமிஷத்துல உருவாச்சுன்னு கம்ப்யூட்டரே குறிச்சு வச்சிருக்கு. மூணு முப்பத்தாறு. முப்பத்தெட்டு. நாப்பத்தொண்ணு. இது மூணும் சிவப்பு. எட்டும் மூணும் பதினொண்ணு. உங்க அம்மா பதினொரு தடவை கூப்பிட்டிருக்காங்க."

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொழுந்தனுக்கு அவரைப் பார்க்கத் திராணியில்லை. இதைத் தெரிந்துகொள்ளத்தானா இத்தனை தூரம் கூட்டி வந்தோம், பேயாகவே இருந்திருக்கலாமே என்று அவனுக்கு அண்ணியின் மேல் கோபம்கூட வந்தது.

"நாலாவது கோப்பு மூணு நாப்பத்தி நாலு," என்றார் அண்ணி. "அது சிவப்பு இல்லை. பச்சை."

மகள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தார்.

"அந்தப் பொத்தான் கட்டில்லேர்ந்து எட்டாது. அதனாலதான் நர்ஸம்மா போனப்ப விளக்கு எரியலை. யாரோ ஒருத்தர் அந்த அறைக்குள்ள போய், கதவுகிட்ட பச்சையை அழுத்தி, விளக்கை அணைச்சு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்காங்க."

"நான் இல்லை," என்றார் நிர்வாகி. "அந்த நேரம் அதிகாரியோட தோட்டத்துல இருந்தேன்."

"நான் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை," என்றார் செவிலி.

அவர் சொல்லி முடிக்கவில்லை. கூடத்து வாசலிலிருந்து, மேசை மணியிலிருந்து, தெளிவாக ஒரு சத்தம் வந்தது.

டிங்.

அந்தச் சத்தம் எதற்கு வரும் என்று இப்போது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஏழாம் அறையில் அவன் எரியவிட்டு வந்த விளக்கை யாரோ அணைத்திருக்கிறார்கள்.

அண்ணி அவசரப்படாமல் எழுந்தார். "வாங்க. அவர் தினமும் சொல்லிக்கிட்டேதான் இருக்கார். யாரும் காது கொடுக்கலை."

நடையில் ஏழாம் வாசல் விளக்கு அணைந்திருந்தது. கதவு திறந்திருந்தது. நாற்காலி சன்னலை விட்டு நகர்ந்து கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. அதில் எட்டாம் அறைக்காரர் உட்கார்ந்திருந்தார். தள்ளுநடையைப் பக்கத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்டு, ஒரு கையை வெறும் மெத்தையின் மேல் உள்ளங்கை மேலாக வைத்திருந்தார். ஆட்களைக் கண்டதும் மறு கையின் விரலை உதட்டில் வைத்தார்.

"கூப்பிட்டாங்க, வந்துட்டேன். இனி சத்தம் போடாதீங்க."

எட்டு நாளாக வாசலைத் தாண்டாத மகள் உள்ளே போனார். பின்னாலேயே போகப்பார்த்த கொழுந்தனின் சட்டையை அண்ணி பிடித்து நிறுத்தினார். மகள் நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஐயா, அவங்க ஏதாவது பேசினாங்களா?"

டிரைவர் ஐயா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஞாபகம் வருமா, பாதி வழியில் தொலையுமா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"'வந்துட்டியா கண்ணு'ன்னாங்க. கண்ணு சரியாத் தெரியலை போல, வேற யாரோன்னு நினைச்சுக்கிட்டாங்க. நான் எதுக்கு இல்லைன்னு சொல்லணும்? வந்துட்டேம்மான்னு சொன்னேன். கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் தூங்கிட்டாங்க."

மகள் அவருடைய முழங்காலில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதார். அவர் அந்தத் தலையைத் தட்டிக்கொடுத்தார், எதற்கென்று தெரியாமலே. செவிலியும் அழுதார். கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

புறப்படும்போது நிரலர் தலைக்கவசத்தோடு வாசலில் காத்திருந்தார். மணியை முதலில் அடித்துவிட்டுப் பிறகு பதிவு எழுதும்படி இன்றைக்கே மாற்றிவிடுவதாக அண்ணியிடம் சொன்னார். பிறகு மகளைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மீதி இருக்கிற அந்த நாலையும் அழிச்சிடட்டுங்களா? இனிமே உங்களுக்கு மெயில் வராது."

"அழிக்காதீங்க தம்பி," என்றார் மகள். "நாளுக்கு ஒண்ணா வரட்டும். நாலாவது வர்றது எனக்கு வேணும்."